அஞ்சு சிட்டிங்கில் என்ன ஆகிவிடும்?

கேள்வி: என் மகள் டெக்சாஸில் இருக்கிறாள். மாப்பிள்ளை அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தான் போய் வந்தவர். ராத்திரி தூக்கத்தில் அலறுகிறார், ஹோட்டலுக்குப் போனால் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருகிறார். பி.டி.எஸ்.டி., அதாவது பயங்கர அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநோய் என்கிறார்கள். சிகிச்சை என்னவென்றால் அஞ்சே அஞ்சு தடவை வந்து உட்கார்ந்து எழுத வேண்டுமாம்! ஒப்புக்குச் செய்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் பயம் புரிகிறது அம்மா, இத்தனை வருஷத்துத் துன்பத்துக்கு அஞ்சு நாள் வைத்தியமா என்று முதலில் கேள்விப்பட்டபோது நானும் உதட்டைப் பிதுக்கினேன். ஆனால் இது ஒப்புக்குச் செய்வதில்லை. நடந்ததிலேயே மோசமான ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, பார்த்தது, கேட்டது, மூக்கில் ஏறிய வாசனை, அப்போது மனசில் ஓடியது எல்லாவற்றையும் 30 நிமிஷம் கையால் எழுத வேண்டும். அடுத்த முறையும் அதே சம்பவம்தான். எழுதி முடித்ததும் தெரபிஸ்ட் கொஞ்ச நேரம் பேசுவார், எழுதியதைப் பிறகு படித்துப் பார்த்து எங்கே மேலோட்டமாகத் தாண்டிப்போனார் என்று அடுத்த தடவை சொல்வார். வீட்டுப்பாடம் கிடையாது. ஒதுக்கி ஒதுக்கி வைத்ததால்தான் அந்த நினைவு அடங்காமல் நிற்கிறது, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகினால் வீரியம் குறையும், அதுதான் கணக்கு.

2018-இல் 126 பேரை வைத்து இதை 12 சிட்டிங் கொண்ட சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். பலன் அதற்குக் குறைவாக இல்லை. பெரிய சிகிச்சையில் நூற்றுக்கு நாற்பது பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், இதில் ஆறு பேர்தான். எவ்வளவு நல்ல வைத்தியமாக இருந்தாலும் ஆள் வராமல் போனால் என்ன செய்வது?

அப்புறம், இது கடைசிப் படியும் இல்லை. லேசாக இருந்தால் 2011-லிருந்து இலவசமாகக் கிடைக்கிற பி.டி.எஸ்.டி. கோச் ஆப், சாதாரண டாக்டரைப் பார்க்கும் இடத்திலேயே அரைமணி நேரமாக நாலிலிருந்து எட்டு சந்திப்பு, இப்படிச் சின்னதில் ஆரம்பிக்கலாம். போதவில்லையென்றால் 90 நிமிஷ சிட்டிங் எட்டிலிருந்து பதினைந்து வரை போகும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற செர்ட்ராலின் மாதிரி மாத்திரையும் உண்டு. போதுமா இல்லையா என்பதை 20 கேள்வி, 80 மார்க் கொண்ட ஒரு தாளை வைத்துப் பார்ப்பார்கள். முதல் நாள் மார்க்கையும் கடைசி நாள் மார்க்கையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பத்து மார்க்காவது இறங்கியிருந்தால் வேலை செய்கிறது. இறங்கவே இல்லையா, அடுத்த படி என்ன என்று அங்கேயே கேட்டுவிட வேண்டியதுதான்.

தூக்கத்துக்கு என்று அல்பிரசோலம் வகை பதற்றம் தணிக்கும் மாத்திரை யாராவது கொடுத்தால் மட்டும் யோசிக்கணும். அமெரிக்க ராணுவ, முன்னாள் படைவீரர் மருத்துவ வழிகாட்டியே இந்த நோய்க்கு அது வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும்.

எழுத ஆரம்பித்த முதல் வாரங்களில் கனவு கொஞ்சம் கூடலாம், பயந்துபோய் மகள் அவரை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன எழுதினீர்கள் என்று துருவ வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்கிற மாதிரி ஏதாவது பேசினால் மட்டும் அடுத்த சிட்டிங்குக்குக் காத்திருக்காமல் அங்கே 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தச் சொல்லுங்கள், படைவீரர்களுக்கென்றே இரவும் பகலும் ஆள் இருக்கிறார்கள்.