கேட்காமல் போன கச்சேரிகள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நேரில் கேட்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று நீங்கள் ஏங்கும் இசைக் கலைஞர்களில் ஒருவரை மட்டும் சொல்ல வேண்டுமானால் யாரைச் சொல்வீர்கள்?

பதில்: வீணை தனம்மாள். இந்தப் பெயரைச் சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

1867இல் பிறந்து 1938இல் மறைந்த தனம்மாள், சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்து வந்தார். அக்காலத்துப் பெரிய வித்வான்களும் தேர்ந்த ரசிகர்களும் அங்கே வந்து கேட்டிருக்கிறார்கள். சிறு ஓசை எழுந்தாலும் அவருக்குப் பொறுக்காது என்பதால், வந்தவர்கள் அசையாமல் அமர்ந்திருந்தார்கள் என்று அந்த மாலைகளைப் பற்றிய குறிப்புகள் அனைத்தும் ஒரே குரலில் சொல்கின்றன. அந்த அமைதியை நெடுங்காலம் ஒரு கலைஞரின் கண்டிப்பு என்றே நான் எண்ணியிருந்தேன். அவருடைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் அதன் காரணம் எனக்குப் புரிந்தது.

1930களின் தொடக்கத்தில், அவர் அறுபது வயதைக் கடந்திருந்த நிலையில், சில இசைத்தட்டுகள் பதிவாயின. நமக்கு எஞ்சியிருப்பவை அவைதாம். இரவில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு அவற்றைக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஊசி தட்டில் உரசும் இரைச்சல் வருகிறது. அதற்குள்ளிருந்து ஒரு மீட்டு எழுகிறது. வீணையில் மீட்டிய கணத்திலிருந்தே நாதம் தேயத் தொடங்கிவிடும். அப்படித் தேய்கின்ற நாதத்தை, இடக்கை விரலால் தந்தியை இழுத்து அடுத்த சுரத்துக்கும் அதற்கடுத்த சுரத்துக்கும் கொண்டு போவதில்தான் அந்த வாத்தியத்தின் உயிரே இருக்கிறது. தனம்மாள் ஒரே மீட்டில் வெகுதூரம் போகிறவர். நாதம் மெலிந்து மெலிந்து, இனி வரப்போவதுதான் மிகவும் நுட்பமானது என்று நாம் காதைத் தீட்டிக்கொள்ளும் இடத்தில், ஊசியின் இரைச்சல் அதை விழுங்கிவிடுகிறது. அந்தச் சுரம் அங்கேயே முடிந்ததா, அந்தக் கூடத்தில் இன்னும் சற்று நேரம் நின்றிருந்ததா என்பதைத் தட்டு நமக்குச் சொல்வதில்லை. அந்த வீட்டில் அமர்ந்திருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அந்தக் கடைசி இழைக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். அவருடைய பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் பதம் என்னும் காதல் பாடல்களைப் பாடிய பதிவுகளில் அந்தப் பாணியின் சாயல் கிடைக்கிறது. ஆனால் அந்த வீணையின் கடைசி இழை வேறெங்கும் கிடைக்கவில்லை.

கேள்வி: தனம்மாளின் காலத்துப் பதிவுக் கருவிகள் குறைபாடு உடையவை. ஓசை தெளிவாகப் பதிவாகியிருந்தால் இந்த வருத்தத்துக்கு இடமில்லை அல்லவா?

பதில்: தெளிவு ஒரு பகுதிதான். நேரம் என்று ஒன்றும் இருக்கிறது. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகத்தை எடுத்துக்கொள்வோம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பதிவு செய்ய முடிந்தது. பக்கத்தைத் திருப்பிப் போட்டால் இன்னும் ஒரு மூன்று நிமிடம். அந்தச் சில நிமிடங்களிலேயே அவர் யார் என்பது விளங்கிவிடுகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் நேரில் கேட்டவர்கள் அவர் தோடியை மணிக்கணக்கில் வாசித்ததைப் பற்றி அல்லவா எழுதி வைத்திருக்கிறார்கள்!

மூன்று நிமிடத்தில் தோடியை வாசிக்க வேண்டும் என்றால், கலைஞர் தமக்குத் தெரிந்த முடிவை நோக்கி நேராக நடக்க வேண்டும். இரண்டு மணி நேரம் இருந்தால், தமக்கே தெரியாத இடத்துக்குப் போய், அங்கே சற்றுத் தயங்கி நின்று, வேறொரு வழியாகத் திரும்பி வரலாம். அந்தத் தயக்கத்தைத்தான் நான் கேட்க ஆசைப்படுகிறேன். 1898இல் பிறந்து 1956இல் காலமான ராஜரத்தினம் பிள்ளை, நீளமான, சுருதி தாழ்ந்த நாகஸ்வரமான பாரி நாயனத்தை நிலைபெறச் செய்தவர் என்பதும் இதோடு சேர்த்து எண்ணத் தக்கது. கட்டையை, அதாவது சுருதியைக் குறைத்தபோது நாதத்துக்குக் கனம் கூடியது; ராகத்தை நின்று நிதானமாக விரிக்க வசதியும் கூடியது. நெடுநேர ஆலாபனைக்கு இசைந்த அந்த வாத்தியத்தை இன்று நாம் அளந்து வெட்டிய துண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

27 வயதில், 1933இல், மறைந்துவிட்ட நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கும் இதையே சொல்வேன். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை ஒலிபெருக்கியின் துணையின்றிச் சென்ற குரல் அது. இசைத்தட்டுகளில் அந்தக் குரலின் உச்சம் இருக்கிறது. அது கடந்து சென்ற தூரம் இல்லை.

கேள்வி: இப்போது முழுக் கச்சேரிகளே காணொளியாகக் கிடைக்கின்றன. நேரமும் முழுமையாக இருக்கிறது, ஓசையும் துல்லியம். அப்படியும் நேரில் போகத்தான் வேண்டுமா?

பதில்: போகத்தான் வேண்டும். காணொளியில் கேமரா எதைக் காட்டுகிறதோ அதைத்தான் பார்க்கிறோம்; பாடகர் பாடும்போது பாடகரின் முகம். நேரில் இருக்கும்போது என் கண் வயலின்காரரின் மீது நிற்கும். பாடகர் எதிர்பாராத ஓரிடத்தில் சுரத்தை நிறுத்தியதும், வில்லைத் தந்தியின் மேல் வைத்தபடி இழுக்காமல் ஒரு கணம் காத்திருந்து, பிறகு மிருதங்கக்காரரைப் பார்த்து அவர் இலேசாகத் தலையசைப்பதைக் கண்டிருக்கிறேன். கச்சேரி தொடங்கும் முன் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் குழைத்த ரவையை ஒட்டி, தட்டிப் பார்த்து, சிறிது வழித்தெடுத்து, மீண்டும் தட்டிப் பார்ப்பதையும் அருகில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். அந்தத் தொப்பியின் கும்காரம் காதுக்கு எட்டுவதற்கு முன்பே தரை வழியாக உடம்புக்கு எட்டிவிடுகிறது. பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் ஒலிபெருக்கி வைத்த கச்சேரிகளில் வாசிக்க மறுத்தார் என்பதைப் படித்தபோது, மிருதங்கத்தின் நாதத்தை உள்ளபடி கேட்க வைக்க வேண்டும் என்ற அவருடைய உறுதியை என்னால் முழுமையாக மதிக்க முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. கேட்பவர்களும் அந்த இசையின் ஆக்கத்தில் பங்கு பெறுகிறார்கள். எகிப்தின் பாடகி உம் குல்தூம் பல ஆண்டுகள் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவில் பாடி வந்தார். வானொலி அதை அரபு நாடுகளெங்கும் கொண்டு சேர்த்தது. அவர் பாடிய ஒரு பாட்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போவது உண்டு. பாட்டு அத்தனை நீண்டதற்குக் கேட்டவர்களே பெரும் காரணம். அவர்கள் ஆர்ப்பரிக்க ஆர்ப்பரிக்க, ஒரே வரியை வெவ்வேறு அணிகளோடு அவர் மீண்டும் மீண்டும் பாடினார். அந்த நிகழ்ச்சிப் பதிவுகளில் கூட்டத்தின் குரலும் இருக்கிறது. அரபு மொழி எனக்குத் தெரியாது. ஆயினும் ஒரு வரி ஐந்தாம் முறையாகத் திரும்பும்போது அந்தக் கூட்டம் எழுப்பும் ஓசையைக் கேட்டு, நான் ஏன் அங்கே இல்லை என்று ஏங்கியிருக்கிறேன்.

கேள்வி: உயிரோடு இருந்தும் மேடையை விட்டு விலகிவிட்ட கலைஞர்களைக் கேட்க முடியாமல் போனது இதைவிட வேதனை அல்லவா?

பதில்: ஆம், அதன் வலி வேறு வகையானது. சிதாரைப் போன்ற, நாதம் தாழ்ந்த சுர்பஹார் வாத்தியக் கலைஞர் அன்னபூர்ணா தேவி 1950களுக்குப் பிறகு பொதுமேடையில் வாசிக்கவில்லை. 2018 அக்டோபரில் மறையும் வரை அவர் நம் காலத்தில்தான் வாழ்ந்தார். சிதார் கலைஞர் நிகில் பானர்ஜி, புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா போன்றவர்களுக்குப் பயிற்சி அளித்தார். கிடைத்திருக்கும் பதிவுகள் மிகச் சில. அந்த மாணவர்களின் வாசிப்பு வழியாக மட்டுமே குருவை ஊகித்துக்கொள்ள வேண்டிய நிலையில் ஒரு தலைமுறை முழுவதும் இருந்திருக்கிறது.

கனடாவின் பியானோ மேதை கிளென் கூல்ட் 1964 ஏப்ரலில், 31 வயதில், லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்துவிட்டு மேடைக்கு விடை கொடுத்தார். அதற்குப் பிறகு 1982இல் இறக்கும் வரை ஒலிப்பதிவுக் கூடமே அவருடைய களம். கச்சேரி என்ற வடிவத்தின் காலம் முடிந்துவிட்டது என்று அவர் உளமார நம்பினார். தந்தை காலைக் குறுக்கித் தந்த குட்டையான மடக்கு நாற்காலியில் அமர்ந்து அவர் வாசிக்கும்போது, தம்மை அறியாமல் முனகிக்கொண்டே இருப்பார். அந்த முனகல் பதிவுகளில் கேட்கிறது. அவருடைய நம்பிக்கையோடு நான் உடன்படவில்லை. ஆனால் அந்த முனகல் கேட்கும்போதெல்லாம், யாரும் இல்லாத கூடத்தில் வாசித்த அவருக்கு மிக அருகில் நான் அமர்ந்திருப்பது போல் ஓர் உணர்வு உண்டாவதை மறைக்க விரும்பவில்லை. அன்னபூர்ணா தேவியிடம் அந்த அளவுகூட நமக்குக் கிட்டவில்லை.

கேள்வி: ஒலிப்பதிவே இல்லாத கலைஞர்களுக்காக ஏங்குவதில் பயன் உண்டா?

பதில்: ஏங்குவதற்கும் ஏதேனும் ஒரு பிடி வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் இசை உருவான நாட்களில் டிரம்பெட் போன்ற கார்னெட் என்னும் ஊதுகருவியை வாசித்துப் புகழ் பெற்ற பட்டி போல்டன், 1907இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1931இல் அங்கேயே இறந்தார். அவருடைய வாசிப்பின் பதிவு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. புல்லாங்குழலைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய சரப சாஸ்திரிக்கும் அதே கதி. அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஏக்கம் எனக்கு ஒரு துண்டு கேட்ட பிறகுதான் பிறக்கிறது.

கேள்வி: வாய்ப்பு இருந்தும் நீங்களே தவறவிட்ட கச்சேரி உண்டா?

பதில்: உண்டு. பாடகர் எம்.டி. ராமநாதன். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் அவருடைய கச்சேரிக்கு வரும்படி அழைத்தார். எனக்கு அப்போது விறுவிறுப்பான பாட்டு பிடிக்கும். அவர் மிகவும் மெதுவாகப் பாடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தேர்வு நெருங்குகிறது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். நண்பர் மட்டும் போனார். 1984 ஏப்ரலில் ராமநாதன் மறைந்தார். அடுத்த தடவை வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அதே நண்பர் ஓர் ஒலிநாடாவைக் கொடுத்தார். தாழ்ந்த மந்தர ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து, அதை விட்டு நகர மனமில்லாதவர் போல நிற்கிறார் ராமநாதன். பிறகு ஓர் இடைவெளி. நாடா அறுந்துவிட்டதோ என்று கருவியைப் பார்த்தேன். சக்கரம் சுழன்றுகொண்டுதான் இருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவர் மெல்ல 'ஆஹா' என்கிறார். அதன் பிறகே அடுத்த சுரம் வருகிறது. அவர் மெதுவாகப் பாடியதன் பொருள் எனக்கு அந்த இடைவெளியில்தான் விளங்கியது. தம் குரு டைகர் வரதாச்சாரியாரின் நினைவாக 'வரததாச' என்ற முத்திரையோடு பாட்டுகள் இயற்றிய அந்த மனிதர், கேட்பவர் தம்மிடம் வந்து சேரும் வரை காத்திருக்கத் தெரிந்தவர். நான்தான் போய்ச் சேரவில்லை. அந்த 'ஆஹா' என் நண்பருடைய குரலாக இருக்குமோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அவரிடம் அதைக் கேட்க எனக்கு இன்று வரை துணிவு வரவில்லை.

தனம்மாளைக் கேட்க முடியாமல் போனதற்குக் காலம் காரணம். அந்த ஏக்கத்தில் ஓர் இனிமைகூட இருக்கிறது. ராமநாதனைக் கேட்காமல் போனதற்கு நானே காரணம் என்பதால், அதில் அந்த இனிமை இல்லை.

கேள்வி: என் தாத்தாவுக்கு 88 வயது. இளமையில் மதுரை மணி ஐயரை நேரில் கேட்டிருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டால், 'அதெல்லாம் சொல்லிப் புரியாது' என்கிறார். அவரிடம் என்ன கேட்பது?

பதில்: 'எப்படி இருந்தது' என்ற கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், தரையிலா நாற்காலியிலா, பக்கத்தில் யார் இருந்தார்கள், வயலின் யார், கடைசி வரிசைக்குக் குரல் எட்டியதா என்று கேளுங்கள். நடுவில் எழுந்து போனவர்கள் உண்டா, கச்சேரி முடிய எத்தனை மணி ஆயிற்று, எப்படி வீடு திரும்பினீர்கள் என்று கேளுங்கள். மணி ஐயர் 1968இல் மறைந்தவர். உங்கள் தாத்தா கேட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகியிருக்கலாம். ஆகவே ஒரே நாளில் எல்லாம் நினைவுக்கு வராது. நாலைந்து மாலைகள் உடன் அமருங்கள்.

அதன் பிறகு மணி ஐயரின் கச்சேரிப் பதிவு ஒன்றை, அவர் சுரம் பாடும் பகுதி வரும்படியாக, மெல்லிய ஓசையில் வையுங்கள். தாளத்தோடு இயல்பாக இழைந்து போகும் சர்வலகுவில் அந்தச் சுரங்கள் ஓடத் தொடங்கியதும் உங்கள் தாத்தாவின் கை தானாகத் தொடையில் தாளம் போடும். அவர் கூடவே முணுமுணுக்கத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிடுங்கள்; அவர் நிறுத்தாமல் பாடட்டும். ராகத்தின் பெயரைத் தவறாகச் சொன்னாலும் அப்போது திருத்த வேண்டாம். உங்கள் கைபேசியில் ஒலிப்பதிவை மட்டும் முன்கூட்டியே தொடங்கி வைத்திருங்கள்.