பக்கவாதத்தில் செயலிழந்த கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டால் போதுமா?

சோமனூரில் தறி ஓட்டிய உங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியும் வலது கையில் பிடிமானம் இல்லை, எண்ணெய் தேய்த்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. கோளாறு இருப்பது மூளையில். தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். செத்துப்போன செல்களின் வேலையை மூளையின் பிற பகுதிகள் கற்றுக்கொள்ள, அவரே அந்தக் கையால் திரும்பத் திரும்ப முயல வேண்டும். ரப்பர் பந்தை அமுக்குவதைவிடப் பழகிய வேலை மேல்: நூல்கண்டை எடுத்து வைப்பது, கடலைக்காய் உரிப்பது, டம்ளரைப் பிடிப்பது. இடது கை உதவலாம். நீங்கள் ஊட்டிவிட வேண்டாம். பல வீடுகளில் பாசம்தான் பெரிய தடை.

எழுப்பி உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும். பிறகு வலியில் பயிற்சியே நின்றுபோகும். விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கினால் உடனே பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

முதல் ஆறு மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், ஆனால் நிற்காது. கோவைக்கு அலைய முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்: 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். புறா ரத்தம் தடவச் சொல்பவர்களிடம் வாதாடாமல் நகர்ந்துவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.