அம்மாவுக்கு மட்டும் இரட்டை வேகமா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு வருடமாக என்னை நானே மாற்றிக்கொண்டு வருகிறேன். காலை நாலரைக்கு எழுந்து தியானம், ஓட்டம், தினமும் நாட்குறிப்பு, வருடத்துக்கு 40 புத்தகம். நேரத்தை வீணாக்குவதே இல்லை. அம்மா தினமும் அனுப்பும் குரல் செய்தியைக்கூட இரட்டை வேகத்தில்தான் கேட்கிறேன். நாட்குறிப்பில் நன்றி சொல்லும் பக்கத்தில் அம்மா என்று எழுதாத நாள் கிடையாது. ஆனாலும் உள்ளே ஏதோ காலியாக இருக்கிறது, வளர்ந்த மாதிரியே தெரியவில்லை. அடுத்து எந்தப் பழக்கத்தைச் சேர்க்கலாம்?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, எதையும் சேர்க்க வேண்டாம். இந்தக் கடிதம் எனக்குப் பழசு. எழுதுகிற ஆள் மாறுவார், நாலரை ஐந்தாகும், 40 புத்தகம் 25 ஆகும், ‘அடுத்து என்ன’ என்ற கடைசிக் கேள்வி மட்டும் மாறாது. கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோனது ஒரே இடத்தில்தான். போகிற போக்கில் ‘அம்மா அனுப்பும் குரல் செய்தியைக்கூட’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘கூட’. அதையும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணக்குப் பார்க்கிற ஆள் நீங்கள், கணக்கே போடுவோம். அம்மா நாளைக்கு நாலு நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் மிச்சம் பிடிப்பது இரண்டு நிமிடம். வருடத்துக்கு 730 நிமிடம், பன்னிரண்டு மணி நேரம் சொச்சம். பெற்ற தாயிடமிருந்து அரை நாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவருக்கே நன்றி எழுதுகிறீர்கள்.

வாட்ஸ்அப்பில் இந்த வசதி வந்தது 2021-இல். வேலை விஷயமாக நீட்டி முழக்கி வருபவற்றை நானும் அப்படித்தான் கேட்கிறேன், பொய் சொல்வானேன். ஆனால் வேகத்தைக் கூட்டும்போது குரல் கீச்சென்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக ஒலியைப் பொடிப்பொடியாக நறுக்கி, நெருக்கி ஒட்டுகிறார்கள். சொற்கள் எப்படியோ தப்பித்துவிடும். அடிபடுவது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருப்பது. ‘ஒண்ணுமில்லப்பா... சும்மாதான் பேசினேன்’ என்னும்போது அந்த ஒண்ணுமில்லைக்கும் சும்மாதானுக்கும் இடையில் அம்மாக்கள் ஒரு மூச்சு இழுப்பார்கள். சொல்ல வந்த விஷயம் அங்கேதான் இருக்கும், முழங்கால் வலியோ, ராத்திரி தூக்கம் வராததோ. அது உங்கள் காதில் விழ வாய்ப்பே இல்லை.

இன்னொன்று. அவர் ஏன் கூப்பிடாமல் பதிவு செய்து அனுப்புகிறார்? ‘வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்’ என்று நீங்கள் எத்தனையோ முறை வைத்த பிறகுதான் ஆளில்லாத போனைப் பார்த்துப் பேச ஒரு அம்மா பழகுவார். அப்படிப் பேசுவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? போனைத் தட்டு மாதிரி வாய்க்கு நேரே ஏந்தி, கட்டைவிரலை எடுத்தால் நின்றுவிடுமோ என்று நகம் வெளுக்க அழுத்திக்கொண்டு பேசுவார்கள். முடித்ததும் கீழே வைத்துவிட மாட்டார்கள், அந்த மைக் படம் நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பிள்ளை கேட்டுவிட்டான் என்று நீலம் சொல்லும். எந்த வேகத்தில் என்று சொல்லாது. அந்த மட்டுக்கும் நல்லது.

உங்களுக்கெல்லாம் ஒரு மூத்த அண்ணன் உண்டு, 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் விஞ்ஞானியாகவும் அரசியல் தலைவராகவும் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின். ஒழுங்கு, மௌனம், சிக்கனம், சுறுசுறுப்பு என்று 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, சின்ன நோட்டில் நாளுக்கொரு கட்டம் கிழித்து, தவறினால் கறுப்புப் புள்ளி வைத்தவர். பணிவு அதில் முதலில் கிடையாது. ‘உனக்குத் தலைக்கனம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்’ என ஒரு நண்பர் சொல்லப்போய்ச் சேர்த்தது. அத்தனை கட்டம் கிழித்தவருக்கும் அதை அடுத்தவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. 1764-இல் லண்டனுக்குக் கப்பலேறிய அந்த மனிதர், மனைவி டெபோராவுக்குப் பக்கவாதம் வந்த பிறகும் திரும்பவில்லை. 1774 டிசம்பரில் அந்தம்மா கண்மூடினார். இவர் வந்து சேர்ந்தது 1775-இல். மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 13 குணத்தில் வீட்டு மனிதர்களுக்கென்று ஒன்றுகூட இல்லை.

உங்கள் பட்டியலிலும் இல்லை. எல்லாமே உங்களுக்கு நீங்களே செய்துகொள்வது. ஒருவரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, காலியாக இருக்கிறதே என்று எனக்கு எழுதினால் நான் என்ன செய்ய? பெற்றவர்கள் பேசினால் காது கொடுப்பது கடமை, அதைப் பழக்கத்தோடு சேர்த்து டிக் அடிக்க முடியாது. பழைய காலத்து ஆள் என்று திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சரி, இன்று ராத்திரி அவர் கடைசியாக அனுப்பியதைச் சாதாரண வேகத்தில் ஒரு முறை கேளுங்கள். அப்புறம் கூப்பிடுங்கள். ‘என்னப்பா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?’ என்று பதறுவார். அந்தப் பதற்றம் நீங்கள் இத்தனை நாள் சம்பாதித்தது, வாங்கிக்கொள்ளுங்கள். ‘சும்மாதாம்மா’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். சொன்னதையே திரும்பச் சொல்வார், இருக்கட்டும். இதை மட்டும் நாட்குறிப்பில் எழுதிவிடாதீர்கள்.