பல ஆண்டுகள் ஓடாமல் நிற்கும் பழைய காரின் இன்ஜின், பிரேக் வேலைகளை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான், ஐ.டி.ஐ. வாசலைக்கூட மிதித்ததில்லை. என் தந்தையார் வைத்திருந்த 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் பத்தொன்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் அதை எடைக்கு விலை பேசிவிட்டுப் போன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு அதை நானே பிரித்தேன், நானே மாட்டினேன், ஒரு முறை நானே கெடுத்தும் வைத்தேன். அந்தக் கதையைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

உங்கள் வண்டி எது என்று கேள்வியில் இல்லை. தாத்தா விட்டுச்சென்ற அம்பாசிடரோ ஃபியட்டோ என்று வைத்துக்கொள்கிறேன். என் அனுபவம் முழுவதும் ஹெரால்டோடு மட்டுமே என்பதால், அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு ஹெரால்டைப் போல இசைவான வண்டி குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மைக்கேலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்து 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. தனிச் சட்டத்தின் மேல் உடலை முடுக்கிய அமைப்பு. இரண்டு மட்கார்டுகளும் சேர்ந்த முழு பானெட்டும் முன்பக்கமாக மல்லாந்து திறந்துகொள்ளும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். எங்களுடையது மார்க் 3. இங்கிலாந்தில் தயாராகவே இல்லாத நான்கு கதவு ஹெரால்டு. (இதைச் சொல்லாமல் என்னால் எந்தப் பேச்சையும் முடிக்க முடிவதில்லை.)

பிரிப்பதற்கு முன்பே செய்யக்கூடிய கெடுதல்கள் உண்டு. பெரும்பாலோர் புது பேட்டரியை மாட்டி, செல்ஃபை அடித்துப் பார்க்கிறார்கள். பல ஆண்டுகள் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் துருவேறிப் போரோடு (பிஸ்டன் ஏறியிறங்கும் சிலிண்டரின் உட்சுவர்) ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் செல்ஃப் கொடுத்தால் ரிங் உடையலாம், போரில் கீறல் விழலாம். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிட்டுப் பிறகு கையால் கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டை, சுற்றிப் பாருங்கள். எனக்கு ஆறாம் நாள்தான் அசைந்தது. அதே போல, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். நான்கு ஸ்டாண்டுகள் வாங்கும் பணம் இல்லையென்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

ஸ்பானர் விஷயத்தில் எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு. ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குல அளவு கொண்டவை; அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். பெரும்பாலான பட்டறைகளில் இருப்பதோ 13 ஸ்பானர். அந்தச் சிறிய இடைவெளி போதும், இறுகிய நட்டின் மூலைகள் மழுங்கிப்போவதற்கு. என் வண்டியில் அப்படி மழுங்கி, பிறகு உளி வைத்துத் தட்டப்பட்ட நட்டுகள் மட்டும் இருபதுக்கு மேல் இருந்தன. அங்குல ஸ்பானர் செட் ஒன்று வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்ஜினை ஓட வைக்கும் ஆசையை அடக்கி, பிரேக்கை முதலில் முடித்தேன். அந்தக் காலத்து அமைப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் எண்ணெய்ச் சுற்றுதான். ஓரிடத்தில் குழாய் வெடித்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர் கப்புகள், இரும்புக் குழாய்கள், ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றினேன். ரப்பர் கப்புகளைப் பெட்ரோலில் கழுவக்கூடாது, ஊதிவிடும். பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும்.

இன்ஜின் 948 சி.சி. போரின் விட்டம் 63, பிஸ்டன் ஏறியிறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 76 மில்லிமீட்டர். கிராங்குக்கு மூன்றே மெயின் பேரிங்குகள். பிரிப்பது உண்மையிலேயே எளிது. கழற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு, தேதியும் இடமும் எழுதிவைத்தேன். அது வங்கிப் பழக்கம். போர் தேய்ந்திருந்ததால் கணபதியில் உள்ள பட்டறை ஒன்றில் கொடுத்து 20 தௌ பெரிதாக்கி வாங்கினேன். (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் பட்டறையில் தௌ என்கிறார்கள்.) போரிங், கிராங்க் அரைப்பு, வால்வு சீட் வெட்டுவது ஆகிய மூன்றும் வீட்டில் நடக்காதவை. ‘அப்படியென்றால் வீட்டிலேயே செய்தேன் என்று ஏன் பீற்றுகிறாய்’ என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கட்டும். சாம்பாருக்குப் பருப்பையும் நாமா விளைவிக்கிறோம்?

இனி என் தவறு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை, பின் மெயின் பேரிங்கின் இருபுறமும் செருகப்படும் இரண்டு அரைவட்டத் தகடுகள். த்ரஸ்ட் வாஷர் என்று பெயர். அவற்றின் ஒரு முகத்தில் மென்மையான உலோகப் பூச்சும், எண்ணெய் நிற்பதற்கான வெட்டுகளும் இருக்கும். மறுமுகம் வெறும் எஃகு. வெட்டுள்ள முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வெட்டுகள் பிளாக்கிலிருந்து எண்ணெயை வாங்குவதற்காக இருக்கின்றன என்று நானாகவே ஒரு தத்துவத்தை வகுத்துக்கொண்டு, பின்புறத் தகட்டைத் திருப்பி மாட்டிவிட்டேன். மேனுவல் மேசைமேல்தான் இருந்தது. பக்கத்தைப் புரட்டினால் கை எண்ணெய் ஒட்டுமே என்று பார்க்கவில்லை.

பிறகு டயல் கேஜ் வைத்துக் கிராங்கின் ஆட்டத்தை அளந்தேன். 4 முதல் 8 தௌவுக்குள் இருக்க வேண்டும். எனக்கு 6 வந்தது. எப்படி வராமல் போகும்? தகட்டை எப்படித் திருப்பி மாட்டினாலும் கனம் ஒன்றுதானே. பற்றையும் வரவையும் ஒரே தொகையில் தவறான கணக்குகளில் எழுதிவிட்டாலும் இருப்பாய்வு சரியாக விழும் என்று புதிதாகச் சேர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டு ஷெட்டில் அது நினைவுக்கு வரவில்லை.

வண்டி ஓடியது. மூன்று மாதத்தில் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். பிறகு சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தால் இன்ஜின் ஓட்டம் சற்றே தொய்ந்து எழுவதைக் கவனித்தேன். கார்புரேட்டர் கோளாறு என்று முடிவுகட்டி, அந்த சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதி இரண்டு வாரம் வீணடித்தேன். என் தந்தையார் காலத்தில் இந்த வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் ஐயா, எண்பதை நெருங்கியவர், ஒருநாள் மகன் வீட்டுக்குப் போகும் வழியில் வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார், இன்ஜினை நிறுத்தச் சொன்னார், கிராங்க் புல்லியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டார்.

“தம்பி, கிளட்சை அமுக்குங்க.” அமுக்கினேன். “விடுங்க. மறுக்கா அமுக்குங்க. நீங்களே வந்து பாருங்க, நான் அமுக்கறேன்.”

புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னால் நகர்ந்து வந்தது. அளந்தால் 22 தௌ. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தத்தைப் பின்புறத் தகடுதான் தாங்குகிறது. என் புண்ணியத்தில் எஃகும் எஃகும் உராய்ந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் தகடு கழன்று, இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குள் விழுந்திருக்கும். அதன் பிறகு கிராங்கும் பிளாக்கும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும், பிளாக்கே பாழாகும். அந்த அளவுக்குப் போகவில்லை. மல்லாந்து படுத்துச் சம்ப்பை இறக்கி, பின் பேரிங்கின் மூடியை மட்டும் கழற்றினால் வண்டியில் வைத்தபடியே தகடுகளை மாற்றிவிடலாம். கிராங்கின் முகத்தில் கீறல்கள் இருந்தன. அவற்றை மழுக்கி, புதுத் தகடுகளை வைத்து அளந்ததில் ஆட்டம் 11 தௌ வந்தது. ஒரு பக்கத்துக்கு 5 தௌ கனம் கூடிய தகடு வரவழைத்துப் போட்ட பின் 6க்கு வந்து நின்றது. இந்த முறை கிராங்கைப் பார்க்கும் முகத்தைக் கைபேசியில் படமெடுத்துவைத்தேன். எண்ணெயில் இரும்புப் பொடி கலந்திருந்ததால் பேரிங்குகளையும் திறந்து பார்த்து, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினேன்.

மெக்கானிக்குகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் மரையாக இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு கியர் ஆயில்தான் இட வேண்டும், ஈ.பி. 90, கிரீஸ் கூடாது. கிரீஸ் மரைக்குள் முழுவதும் இறங்காமல் நாளடைவில் கட்டியாகிவிடும், தண்ணீர் புகுந்து தண்டு துருவேறும், ஒருநாள் சக்கரத்தை முழுதாகத் திருப்பும்போது முறிந்து சக்கரம் மடிந்துகொள்ளும். ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் என் தந்தையார் ஆண்டுதோறும் பணம் கட்டி அந்த இடத்தில் கிரீஸ் அடித்து வாங்கியிருக்கிறார். ரசீதுகளெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நான் கழற்றியபோது இடது தண்டு மரைக்கு மேலே கால் பங்கு அரித்துப்போயிருந்தது. அந்த வண்டியில் எங்கள் குடும்பம் ஐந்து பேரும் ஊட்டி போய்வந்திருக்கிறோம்.

புது டிரன்னியன்களும் தண்டுகளும் இங்கிலாந்திலிருந்து வந்தன. டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்பு என்பதால் இன்றும் கிடைக்கின்றன. இடது, வலது மரைகள் எதிரெதிர்த் திசை கொண்டவை. ஆர்டர் செய்யும்போது கவனியுங்கள். மற்றச் சில்லறைப் பாகங்களுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் இரண்டு நாள் அலைந்தால் பாதியாவது தேறும்.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. பெட்ரோல் பம்பின் சவ்வான டயாஃப்ரத்தையும் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் கொண்டுவந்த வி.ஏ. வரிசைப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். அதை வாங்கினால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்காகவா நான் இவ்வளவும் செய்தேன்? சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022இல் 5,000 ஆனது, 2025இல் இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆனது.

கியர் பாக்ஸைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இரண்டாவது கியரில் ஒரு முனகல் இருக்கிறது. எண்ணெய் மாற்றியதைத் தவிர நான் அதைத் திறக்கவில்லை. மெக்கானிக் ஐயா, “அது உங்கப்பா ஓட்டறப்பவே இருந்துதுங்க தம்பி” என்றார். அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.