ரெஸ்யூமில் இல்லாத இரவு

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு வயது 23. கணினி அறிவியலில் பட்டம் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. பத்து வயதில், வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கணினி ஒன்றைத் திருப்புளியோடு உட்கார்ந்து பிரித்தேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகளில் உபுண்டு, ஃபெடோரா, டெபியன், ஆர்ச் என்று மாறிக்கொண்டே இருக்கிறேன். திரை உடைந்த ஒரு லேப்டாப்பை வீட்டு சர்வராக ஓட்டுகிறேன்.

தொழில்நுட்பம் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தினார்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, ப்ராஸசர் பட்டியலில் இல்லை என்று காரணம் சொல்லி, நன்றாக ஓடுகிற கணினிகளையும் விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிறது. இது குப்பையைப் பெருக்கும் வேலை என்பேன். தகவல்களை உறிஞ்சும் ஆப்களை மக்கள் யோசிக்காமல் ஏற்றிக்கொள்கிறார்கள். வாட்ஸாப்பை விட்டுவிட்டு சிக்னல் ஆப்புக்கு வரும்படி அம்மாவிடம் மூன்று வருடமாகச் சொல்கிறேன். கேட்பதில்லை.

நூறு இடங்களுக்கு மேல் விண்ணப்பித்துவிட்டேன். பெரும்பாலும் பதிலே வராது. நான்கு நேர்முகங்கள் கிடைத்தன. நான்கிலும் லிங்க்டு லிஸ்டைத் திருப்பு, பைனரி ட்ரீயில் தேடு என்ற மாதிரிப் பாடப்புத்தக நிரல் கணக்குகள்தான். என் சர்வரைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்போது ஏஐ வேறு நிரல் எழுதுகிறது. அப்பா, "எப்பப் பார்த்தாலும் அந்தப் பெட்டி முன்னாடியே" என்கிறார். ஒரே ஒரு முறைதான் வீட்டில் என்னை மதித்தார்கள். அக்காவின் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் போய், எழுதிக்கொண்டிருந்த ஆய்வேடு அதில் மாட்டிக்கொண்டது. டிஸ்கைக் கழற்றி, முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலை வைத்து முழு நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து மீட்டேன். ஒரு அத்தியாயம் தவிர எல்லாம் கிடைத்தது. விடிய விடியத் தூங்கவில்லை. அதை விடுங்கள்.

பொழுதுபோக்கை வேலை என்று தவறாக நினைத்துவிட்டேனா? ரெஸ்யூமையும், விண்ணப்பித்த வேலைகளின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

"அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் விடுவதாக இல்லை. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை திரும்பப் படித்த இடம் அது ஒன்றுதான்.

ரெஸ்யூமையும் பார்த்தேன். இரண்டு பக்கம். எண்ணினேன், 31 கருவிகளின் பெயர்கள் இருக்கின்றன. லினக்ஸ், கிட், டாக்கர், பைத்தான் என்று ஆரம்பித்து நான் கேள்விப்படாத சிலவும். "ஆர்வமிக்கவர்", "விரைவில் கற்பவர்" என்று மேலே இரண்டு வரி. அக்காவின் டிஸ்க் அதில் எங்கேயும் இல்லை.

அந்த இரவில் நீங்கள் செய்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சாகக் கிடக்கும் டிஸ்க், ஒவ்வொரு முறை படிக்க முயலும்போதும் இன்னும் கொஞ்சம் சாகலாம். வீட்டில் எல்லோரும் தலைக்கு மேல் நிற்கும்போது சாதாரணமாக ஒருவர் என்ன செய்வார்? அந்த டிஸ்கின் மேலேயே பழுதுபார்க்கும் நிரலை ஓட விடுவார். அது கோப்புகளின் அட்டவணையைத் 'திருத்துகிறேன்' என்று இருந்ததையும் எழுதி அழித்துவிடலாம். நீங்கள் அதைத் தொடவில்லை, முதலில் நகல் எடுத்தீர்கள். டிடிரெஸ்க்யூ சுலபமாக வருகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கிற இடங்களைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் திரும்பி வந்து துண்டுதுண்டாகச் சுரண்டிப் பார்க்கும். எதுவரை வந்தோம் என்று ஒரு கோப்பில் குறித்தும் வைக்கும், நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதுவரைக்கும் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அக்கா பக்கத்தில் அழுதுகொண்டிருக்க, சும்மா உட்கார்ந்திருப்பது சாதாரணமா? எனக்கு வந்திருக்காது.

ஒரு நிறுவனம் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறது என்றால் தேடுவது இந்தக் கையைத்தான். டாக்கர் தெரியுமா என்பதெல்லாம் அப்புறம். ஆனால் அந்தக் கை உங்களுக்கு இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் ரெஸ்யூம் ஒரு கருவிப்பெட்டியைத் திறந்து காட்டுகிறது. அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று சொல்லவே இல்லை.

அந்த 31-ல் இருபதை வெட்டுங்கள். கிடைத்த இடத்தில் மூன்று வரியில் அந்த இரவை எழுதுங்கள். தனியாக ஒரு பக்க அளவில் விரிவாகவும் எழுதி, இணையத்தில் போட்டு, சுட்டியைக் கொடுங்கள். டிஸ்க் என்ன சத்தம் போட்டது, முதலில் என்ன பழுது என்று நினைத்தீர்கள், ஏன் நகல், எத்தனை மணி நேரம், எவ்வளவு கிடைத்தது. கிடைக்காமல் போன அத்தியாயத்தையும் எழுதுங்கள். அதை மறைத்தால் படிப்பவருக்கு மீதியின் மேலும் சந்தேகம் வரும்.

இப்படி எழுதுவதால் என்ன பயன் என்று கேட்டால் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டைச் சொல்வேன். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். 2024 மார்ச்சில் தன் கணினியில் ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைவது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடிதான். நீங்களும் நானும் நெட்வொர்க் மந்தம் என்று போயிருப்போம். அவர் விடவில்லை. சில வாரங்களுக்கு முன்னால் இன்னொரு சோதனையில் வந்திருந்த விளங்காத எச்சரிக்கை அவருக்கு ஞாபகம் வந்தது. நூல் பிடித்துப் போனால், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தார்கள். அது பரவியிருந்தால் உலகத்தின் எண்ணற்ற சர்வர்களுக்குச் சாவி அந்த ஆளின் கையில். மார்ச் 29 அன்று ஃப்ராய்ண்ட் அதைப் பொதுவில் எழுதினார். அந்த மடலை ஒருமுறை படியுங்கள். அலங்காரம் கிடையாது. என்ன பார்த்தேன், எங்கே தேடினேன், எது எனக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதே சம்பவத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு, பொழுதுபோக்கா வேலையா என்று கேட்பதால் சொல்கிறேன். எக்ஸ்இசட்டை ஒரே ஒருவர் பல வருடமாகச் சம்பளமில்லாமல், ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். களைத்துப்போயிருந்தார், அதை வெளிப்படையாகவும் எழுதியிருந்தார். ஏன் இன்னும் புதிய பதிப்பு வரவில்லை என்று சிலர் குடைந்தார்கள். உதவ வருகிறேன் என்று பொறுமையாக இரண்டு வருடத்துக்கும் மேல் கூடவே இருந்து நம்பிக்கை சம்பாதித்தவர்தான் கதவை வைத்தது. பிடித்ததைச் செய்கிறவர்களும் களைப்பார்கள். களைத்தவனுக்குக் கை கொடுக்க வருகிறவரெல்லாம் நல்லவராக இருக்க வேண்டியதில்லை. ஆகவே "பிடித்ததையே வேலையாக்கு, அப்புறம் வேலை செய்வது போலவே இருக்காது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பிடித்த வேலையும் செவ்வாய்க்கிழமை மதியத்தில் வேலைதான்.

நேர்முகக் கணக்குகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேக் கணினிக்காரர்கள் மென்பொருள் நிறுவப் பரவலாகப் பயன்படுத்தும் ஹோம்ப்ரூவை எழுதிய மேக்ஸ் ஹவெல், 2015-ல் கூகுள் தன்னை எடுக்கவில்லை என்றும், வெண்பலகையில் ஒரு பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடத் தெரியாததே காரணம் என்றும் கடுப்பாக ட்விட்டரில் எழுதினார். பெரிய சண்டை நடந்தது. கணக்குகள் போகவில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டுப் போடுவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் யாரும் எட்டுப் போடுவதில்லை, ஆனாலும் போட்டுக் காட்டித்தான் ஆக வேண்டும். தினம் ஒரு மணி நேரம், மூன்று மாதம். அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பட்டியலில் உதவி மையம், பராமரிப்பு, சோதனை மாதிரி வேலைகளுக்கு விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை. எல்லாம் 'டெவலப்பர்'. காரணம் கௌரவம்தான் என்று ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். நானும் அப்படி இருந்தவன். என் முதல் வேலையில் கணக்குப் பிரிவுக்கு ஒரு நிரலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மாதம் பிறந்தால் அது திணறும். ஒரு அறிக்கை வர 40 நிமிடம் பிடித்தது. இரண்டு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து தரவுத்தளத்தைக் குடைந்து அதைப் பன்னிரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். பெருமை தாங்கவில்லை. அந்தப் பிரிவில் வேலை பார்த்த ஓர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நல்லதுப்பா. ஆனா எனக்குக் கடைசிப் பக்கத்துல இருக்கிற மொத்தத் தொகை மட்டும் போதும்" என்றார். நூற்றுச் சொச்சம் பக்கம் ஓடவிட்டு, கடைசி வரியில் இருக்கும் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு மூடிவிடுவாராம், வருடக்கணக்காக. அந்த எண்ணை மட்டும் காட்டும் திரையை அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். ஒரு நொடியில் வந்தது. இரண்டு வாரத்தில் ஒருமுறைகூட அவர் மேசைக்குப் போய் "எதுக்கும்மா இது?" என்று நான் கேட்கவில்லை. உதவி மையத்தில் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன்.

ஏஐ விஷயம். 1954-ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி பற்றி எழுதிய முதல் அறிக்கையில், இது வந்தால் நிரல் எழுதுவதும் பிழை திருத்துவதும் ஏறக்குறைய ஒழிந்துவிடும் என்றார்கள். 1957-ல் ஃபோர்ட்ரான் வந்தது. பிழைகளும் கூடவே வந்தன, நிரலர்களும் பெருகினார்கள். இந்தக் கதையைச் சொல்லி முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்புவது வழக்கம். எனக்கு மனம் வரவில்லை. அன்று நடந்தது இன்றும் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உங்கள் வயதுக்காரர்களுக்குப் பழகிக்கொள்ளக் கொடுக்கும் சின்ன வேலைகளைத்தான் இந்தக் கருவிகள் நன்றாகச் செய்கின்றன. அது நிஜமான அடி. அதனால் கருவியை ஒதுக்காதீர்கள், ஆனால் அது எழுதியதில் உங்களால் விளக்க முடியாத வரி ஒன்றுகூட உங்கள் பெயரில் வெளியே போக வேண்டாம். டிஸ்கில் நேராகப் பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டு என்று அன்றிரவு அது யோசனை சொல்லியிருந்தால், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

இனி கொஞ்சம் கண்டிப்பு. விண்டோஸ் 10 பற்றி நீங்கள் சொல்வதோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் "மக்கள் யோசிக்காமல்" என்று வருகிறதே, அங்கே இடறுகிறது. அம்மா வாட்ஸாப்பில் இருப்பது யோசிக்காததால் இல்லை. அவருக்குத் தங்கையோ தோழியோ இருந்தால் அவர்களும் அதில்தான் இருப்பார்கள். சிக்னல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கே அவருக்குப் பேச ஆள் நீங்கள் மட்டும்தான், நீங்களோ பக்கத்து அறையில். மூன்று வருடப் பிரசங்கத்துக்குப் பதில், அவர் போனில் எந்த ஆப்புக்கு இருப்பிடமும் மைக்கும் திறந்திருக்கிறது என்று பத்து நிமிடம் கூட உட்கார்ந்து பார்த்து, தேவையில்லாததை அடைத்துக் கொடுங்கள். அது அவருக்கு உதவும்.

அப்பா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பெட்டிக்கு முன்னால் இருப்பது தப்பில்லை, ஆனால் மாதம் ஒரு லினக்ஸ் மாற்றினால் உங்களுக்கு நிறுவத் தெரியும், அவ்வளவே. இரண்டாவது வருடத்தில் வருகிற சிக்கலை நீங்கள் பார்த்ததே இல்லை. மென்பொருள் பொதிகள் மோதிக்கொள்வது, வட்டு நிறைவது, போன வருடம் நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் உங்களுக்கே புரியாமல் போவது. டெபியனில் உட்காருங்கள். அதன் அடுத்த நிலையான பதிப்பு வரச் சுமார் இரண்டு வருடம் ஆகும், அதுவரை அசையாதீர்கள். இரவு அரிப்பெடுத்தால் கணினியை மூடிவிட்டுத் தூங்குங்கள். விடிய விடிய விழித்திருக்க அக்காவின் டிஸ்க் ஒரு காரணம். ஆர்ச்சில் பின்னணி நிறம் மாற்றுவதற்கு விழிக்க வேண்டாம்.

கடைசியாக இரண்டு கேள்வி, பதில் எழுதினால் மகிழ்வேன். தொலைந்த அந்த அத்தியாயத்தை அக்கா மறுபடி எழுதினாரா? இப்போது அவர் லேப்டாப்புக்கு பேக்கப் வைத்துக் கொடுத்திருக்கிறீர்களா, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா?

அன்புடன்.