சென்ற ஆண்டு தயாரான காரைப் புதிய விலைக்கு வாங்கலாமா?

வணக்கம். அண்ணா சாலை ஷோரூமில் முன்பணம் கட்டிய உங்களிடம், சென்ற ஆண்டு தயாரான வண்டியை அதே விலைக்கு எடுக்கச் சொல்வதாகவும், காப்பீட்டையும் அவர்களிடமே எடுக்க வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

மீதிப் பணத்தை இப்போது கட்டாதீர்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் குறிக்கப்படும் என்பதால், பதிவுக்கு முன்பே அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் விற்கும்போது ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள தயாரிப்பு ஆண்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதற்கேற்ற தள்ளுபடி தராவிட்டால் வேண்டாம் என்று சொல்வதே என் யோசனை. வண்டி சென்ற மழைக்காலம் முழுவதும் யார்டில் நின்றிருக்கக்கூடும், சென்னையின் டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கை முன்பின் நகரும் இரும்புத் தடங்களில் துருவோ வண்டலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீட்டை எங்கு எடுப்பது என்பது உங்கள் விருப்பம். வண்டி வேண்டாம் என்ற மறுப்பையும், முன்பணத்தைத் திருப்பித் தரும்படியான கோரிக்கையையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு பிறகு உதவாது. பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம்.