அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நீச்சலை வைத்து இடமும் உதவித்தொகையும் வாங்க முடியுமா?

மகள் பதினொன்றாம் வகுப்பு, மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்குகிறாள், கோவையில் இருந்து கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகள் ஒஹாயோவில், பல துறைகளையும் கலந்து படிக்கவைக்கும் அப்படி ஒரு சிறிய கல்லூரியின் டீமில் நாலு வருஷம் நீந்தினாள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இடம் கிடைக்க நீச்சல் உதவும். நீச்சலுக்கென்று பெரும்பாலும் ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் மூன்றாம் டிவிஷனில் ஆடுகின்றன. அங்கே விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பது விதி. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள், சில இடங்களில் மார்க்கைப் பார்த்தும் தருவார்கள். இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. என் மகள் இங்கே வளர்ந்தவள். இந்தியாவில் இருந்து வருகிறவர்களுக்கு, ஆம்ஹர்ஸ்ட் மாதிரி ஒரு சில கல்லூரிகளைத் தவிர, 'இவர்களால் எவ்வளவு கட்ட முடியும்' என்பதையும் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். அதனால் கோச்சிடம் பேசுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள்.

இனி இடம். நான் வெகுநாள் தலைகீழாகப் புரிந்து வைத்திருந்த விஷயம் இது. கல்லூரி சின்னது, விளையாட்டும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் ஊர் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கொலம்பஸ் வளாகத்தில் மட்டும் சுமார் 60,000 மாணவர்கள், வார்சிட்டி டீம்கள், அதாவது வெளிப் போட்டிகளுக்குப் போகும் அதிகாரபூர்வ டீம்கள், 36. மாசசூசெட்ஸில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியில் மாணவர்கள் சுமார் 2,000 பேர், டீம்கள் 32! அத்தனை டீமையும் நிரப்ப வேண்டுமென்றால் மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வீரராக இருக்க வேண்டும். அதனால் இங்கே அட்மிஷனில் கோச்சின் வார்த்தைக்கு எடை அதிகம்; பெரிய பல்கலைக்கழகத்தில் சாதாரண மாணவர் அதை உணரவே மாட்டார். இதே மாதிரி சிறிய கல்லூரியான ஸ்வார்த்மோர் 2000-இல் அமெரிக்கன் ஃபுட்பால் டீமையே கலைத்தது. பழைய மாணவர்கள் கொதித்துப் போனார்கள். ஒரு பெரிய டீமை நிரப்பவே இத்தனை இடம் போனால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

ஆனால் நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா மாதிரி சர்டிஃபிகேட்டைக் காட்டி வாங்குவதில்லை. அந்த வருஷம் அந்த டீமில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்தும் பெண் படிப்பை முடித்துப் போகிறாளா, அந்த இடத்துக்கு ஆள் வேண்டுமா, அவ்வளவுதான். வேண்டுமென்றால், பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் கோச் உங்கள் மகளின் மார்க்குகளை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி முன்கூட்டியே பார்க்கச் சொல்வார். 'ப்ரீ-ரீட்' என்பார்கள். அங்கே தலையாட்டினால், நவம்பரில் ஏர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்வார். அதில் இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், மற்ற கல்லூரிகளை மறந்துவிட வேண்டும்.

இதற்கிடையில் கோச் சொல்வது எதுவும் எழுத்தில் இருக்காது. ஒரு கல்லூரியின் கோச் என் மகளிடம் 'என் பட்டியலில் நீதான் முதல்' என்று ஜூலையில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அக்டோபர் நடுவில் மெயில் நின்றது. போனும் எடுக்கவில்லை. அவருக்கு வேகமான பெண் யாரோ கிடைத்திருக்கிறாள், அது அவர் தொழில். ஆனால் ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று இன்னும் எனக்கு ஆற்றாமைதான். கடைசி வரை மூன்று கோச்சுகளோடாவது பேச்சில் இருங்கள்.

இன்னொன்று. இங்கே கல்லூரிப் போட்டிகள் 25 கெஜக் குளத்தில். 100 கெஜம் என்றால் 91.44 மீட்டர்தான், போதாததற்கு சுவரை உதைத்து வேகம் எடுக்கும் திருப்பங்களும் அதிகம். உங்கள் 50 மீட்டர் குளத்து டைமிங்கை அப்படியே அந்தக் கல்லூரியின் ரெக்கார்டோடு ஒப்பிட்டால் மனசு உடைந்துவிடும். எந்தக் குளம் என்று தெளிவாகக் குறிப்பிட்டு அனுப்புங்கள், அவர்களே மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள்.

மூன்றாம் டிவிஷன் என்பதால் சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் கான்ஃபரன்ஸிலேயே, அதாவது தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிக் குழுவிலேயே, கென்யன் இருந்தது. இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத கிராமத்துக் கல்லூரி. அதன் ஆண்கள் நீச்சல் டீம் 1980 முதல் 2010 வரை வரிசையாக 31 முறை தேசிய சாம்பியன். 2011-இல் அதை நிறுத்தியது பக்கத்தூர் டெனிசன்: 500.5-க்கு 499.5. ஒரே ஒரு புள்ளி. முப்பத்தோரு வருஷம் ஒரு புள்ளியில் போனதை இந்தப் பக்கத்து நீச்சல் பெற்றோர்கள் இன்னும் பேசுவார்கள்.

பார்க்க வருகிற கூட்டம் மட்டும் சின்னது. சனிக்கிழமை ஒரு மணிக்கு மீட். வெளியே பனி, உள்ளே குளோரின் வாடையும் புழுக்கமும். ஐம்பது பேர் இருப்போம், முக்கால்வாசி பெற்றோர்கள். மகள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி அட்டைகளை ஜிப்லாக் பையில் போட்டு, தன் ரேஸ் வரும் வரை ஈரக் கையோடு புரட்டிக்கொண்டு இருப்பாள். ஊரில் அப்போது இரவு பதினொன்றரை. என் அம்மா தூங்காமல் போனில் நேரலை பார்த்துவிட்டு, "நாலாவதா வந்தாளே, எத்தனை பேர்ல?" என்று கேட்பார். ஆறு பேர்ல என்று சொல்ல எனக்குத்தான் வாய் வராது.

ஸ்காலர்ஷிப் இல்லாததில் ஒரு நிம்மதியும் உண்டு. இரண்டாம் வருஷம் என் மகளின் அறைத்தோழி தோள்வலி தாங்காமல் டீமை விட்டாள். அவளுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகையில் ஒரு பைசா குறையவில்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பணத்தில் படிக்கிறவர்களால் அவ்வளவு லேசாக விட முடியாது.

கடைசியாக, கோச்சுக்குப் போகும் முதல் மெயிலை நீங்கள் எழுதாதீர்கள். நான் எழுதினேன். எல்.கே.ஜி. முதல் வாங்கிய கோப்பைகளின் படத்தோடு ஒன்றரைப் பக்கம். ஒரே வரியில் பதில் வந்தது: மகளை எழுதச் சொல்லுங்கள்.